குமுளியில் இருந்துகொண்டே செக்ஸ் தெரபி: நம்மை ஏற்கும் தெரபிஸ்டைத் தேடித் தொடங்குவது எப்படி

நான் பிறந்தது கம்பம். இப்போது மலைக்கு மேலே குமுளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னோடு வாழ்பவர் கட்டப்பனைப் பக்கத்துக்காரர், நர்ஸ், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தெருவே அவரைச் சேச்சி என்று கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான். அக்கம்பக்கத்துக்கு நாங்கள் வாடகையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு பெண்கள். எங்களுக்கு நாங்கள் குடும்பம்.

ஒரு கட்டத்தில் எங்களுக்குள் தொடுதல் நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. சேச்சிக்குத் தொடர்ந்து இரவுப் பணி, அப்புறம் அவர் அம்மாவின் மரணம். எனக்கு உறவின்போது வலி, வலி வருமோ என்ற பயம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கட்டிலில் இரண்டு ஓரங்களில் தூங்குகிறவர்களாகிவிட்டோம். ஆன்லைனில் ஒரு தெரபிஸ்டைக் கண்டுபிடித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. கூடலூர், வண்டிப்பெரியார் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இதை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெண்ணோடு வாழும் பெண்ணுக்கும், ஆணோடு வாழும் ஆணுக்கும், திருநங்கைக்கும், திருநம்பிக்கும், இன்னும் யாரிடமும் சொல்லாமல் தனியாக இருப்பவருக்கும் இது பொருந்தும். கல்யாணமான ஆணும் பெண்ணும் படித்தாலும் பெரும்பகுதி உதவும்.

ஏன் ஆன்லைன்? எங்கள் ஊர்களில் மனநல மருத்துவரின் வாசலில் போய் உட்கார்ந்தால், டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குப் போன மாதம் நான்தான் ரவிக்கை தைத்திருப்பேன். சேச்சிக்கோ சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் பாதிப் பேரைத் தெரியும். போனில் பேசும்போது எதிரே இருப்பவர் சென்னையிலோ கொச்சியிலோ இருக்கிறார். நம் தெருவில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. அந்தத் தூரம் பெரிய நிம்மதி.

முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வலி, ஆசை குறைதல், விறைப்பு நிற்காமல் போதல் இவற்றில் எதுவாக இருந்தாலும், தெரபிக்கு முன்னாலோ கூடவேயோ ஒரு மருத்துவப் பரிசோதனை வேண்டும். தைராய்டு குறைந்தாலே ஆசை மங்கும். பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிலக்கு நிற்கும் வயதிலும் பிறப்புறுப்பு வறண்டு வலிக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆண்களின் விறைப்பைப் பாதிக்கும். சிலருக்கு இதய ரத்தக் குழாய் நோயின் முன்னறிவிப்பாகவே அது வருவதுண்டு. அதனால் நாற்பது தாண்டிய ஆண்கள் இதை வெட்கத்தோடு மூடி வைக்காமல் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவும் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் குறைவுக்கு' மருந்து கொடுக்கும் ஆட்களிடம் போகாதீர்கள். 'விந்து விட்டவன் நொந்து கெட்டவன்' என்று ஒரு பழமொழியைச் சொல்லியே நம் பையன்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். சுய இன்பத்தால் நரம்பு தளராது, ஆண்மை போகாது. அந்தப் பயம்தான் உண்மையான நோயாகி, எத்தனையோ பேரின் முதலிரவைக் கெடுத்திருக்கிறது. அந்தப் பயத்தைப் பேசித் தீர்ப்பதும் செக்ஸ் தெரபிஸ்டின் வேலைதான்.

எனக்கு முதலில் மகளிர் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே புண்ணோ தொற்றோ இல்லை, இடுப்புத் தளத் தசை, அதாவது இடுப்புக்கு அடியில் பிறப்புறுப்பைச் சுற்றியிருக்கும் தசை, பயத்தில் இறுகிக்கொள்கிறது என்றார். அந்த ஒரு வரியைத் தெரபிஸ்டிடம் போய்ச் சொன்னது பல வாரங்களை மிச்சப்படுத்தியது.

யாரைத் தேடுவது

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதலாம். மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் அவருக்கு இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயரில் மிக நல்லவர்களும் இருக்கிறார்கள், ஒரு வார இறுதிப் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதுகலைப் பட்டம் எதில், பாலியல் பிரச்சினைகளுக்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள், உங்கள் வேலையை யார் மேற்பார்க்கிறார்கள் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். எண் தர வேண்டியவர் தரத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள்படி, ஆன்லைனில் பார்க்கும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்டியே ஆகவேண்டும். அதனால் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நம்மை ஏற்கும் தெரபிஸ்டைத் தேட, எடுத்த எடுப்பில் கூகுளில் இறங்க வேண்டாம். சென்னையின் ஓரினம் குழு, நம்மவர்களோடு நல்லபடி நடந்துகொள்ளும் மனநல ஆலோசகர்களைப் பற்றிய தகவல்களைத் தன் தளத்தில் திரட்டி வைத்திருக்கிறது. கேரளப் பக்கம் கொச்சியை மையமாகக் கொண்ட குயரளா என்ற நம்மவர்களின் அமைப்பு இருக்கிறது. மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ், குயர் அஃபர்மேட்டிவ் கவுன்சலிங் பிராக்டிஸ் (குயர், அதாவது நம்மைப் போன்றவர்களை, அப்படியே ஏற்று ஆலோசனை தரும் முறை) என்ற படிப்பைக் கவுன்சலர்களுக்கு நடத்துகிறது. ஒருவர் தன் குறிப்பில் க்யூ.ஏ.சி.பி. என்று போட்டிருந்தால் அந்தப் படிப்பை முடித்தவர் என்று பொருள். அது நல்ல அறிகுறி. ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் அந்தப் படிப்பு செக்ஸ் தெரபிப் பயிற்சி அல்ல. இரண்டும் உள்ளவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், நம்மை ஏற்பவராகவும் பாலியல் பற்றி முகம் சுளிக்காமல் பேசுபவராகவும் இருப்பவரை எடுத்துக்கொண்டு, மருத்துவப் பகுதிக்குத் தனியாக டாக்டரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மொழியையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தமிழ், சேச்சிக்கு மலையாளம். எங்கள் தெரபிஸ்ட் தமிழில் பேசுவார், மலையாளம் கேட்டால் புரிந்துகொள்வார். அழுகை வரும்போது சேச்சி மலையாளத்துக்குப் போய்விடுவார், அப்போது தெரபிஸ்ட் அவரைத் தடுக்காமல் கேட்டுக்கொள்வார். எல்லையோர ஜோடிகளுக்கு இப்படி ஒருவர் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் தேடினால் கிடைக்கிறார்.

முதல் பதினைந்து நிமிடம்

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இந்தப் பகுதியைத்தான். பல தெரபிஸ்டுகள் பணம் கட்டும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் போனில் பேசச் சம்மதிப்பார்கள். அந்த நேரத்தில் அவர் உங்களைக் கேட்பதற்கு முன் நீங்கள் அவரைக் கேளுங்கள். அளவெடுக்காமல் யாராவது துணியில் கத்திரி வைப்பார்களா? ஆனால் தெரபி என்றதும் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நம்மவர்கள் குனிந்துகொள்கிறார்கள். அது வேண்டாம். இது உங்கள் உடம்பு, உங்கள் பணம்.

முதல் தகவலாக வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ இவ்வளவு அனுப்பினால் போதும்: 'வணக்கம். நானும் என் துணையும் பெண்கள், சில வருடங்களாக ஒன்றாக வாழ்கிறோம். எங்களுக்குள் உடல் நெருக்கம் குறைந்திருக்கிறது, அதற்கு உதவி வேண்டும். ஆன்லைனில் தமிழில் பேச முடியுமா? எங்களைப் போன்ற ஜோடிகளோடு வேலை செய்த அனுபவம் உங்களுக்கு உண்டா? கட்டணம் எவ்வளவு? தொடங்கும் முன் சில நிமிடம் பேச விரும்புகிறோம்.' ஊர், முழுப் பெயர், படம் எதுவும் தேவையில்லை.

பேசும்போது நேராகக் கேளுங்கள். எங்களை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? இதற்கு 'இல்லை, அது மாற்றப்பட வேண்டியதும் இல்லை' என்று ஒரே மூச்சில் பதில் வர வேண்டும். 'முயற்சி செய்து பார்க்கலாம்', 'உங்களுக்கு விருப்பம் இருந்தால்' என்று இழுத்தால் வைத்துவிடுங்கள். இதுவரை எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் என்னென்ன பிரச்சினைகளோடு வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல், பொதுவாக, ஆனால் விவரமாகப் பேசுபவருக்கு அனுபவம் இருக்கிறது. வீட்டில் சொல்லச் சொல்லி எங்களை வற்புறுத்துவீர்களா என்றும் கேளுங்கள். நல்லவர், சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு, பாதுகாப்பைப் பார்த்து மெதுவாகப் பேசலாம் என்பார்.

நாங்கள் முதலில் பேசிய ஆலோசகர் ஒருவர் நல்ல கனிவான குரலில் ஆரம்பித்தார். பாதியில், உங்களில் யார் கணவன் மாதிரி என்று கேட்டார். அப்புறம், வயது ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு நல்ல பையனைப் பார்த்தால் இந்த வலியெல்லாம் சரியாகிவிடும் என்றார். சேச்சி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கனிவான குரலை ஏற்றுக்கொள்ளும் மனம் என்று நம்பிவிடக் கூடாது என்பதை அன்று பார்த்தோம். எங்களுக்கு இப்போது இருப்பவர் கேட்ட முதல் கேள்வி, 'இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை என்றைக்குக் கிடைக்கும்?' என்பது. அவ்வளவு சாதாரணமான கேள்வி. எந்தப் புருஷன் பெண்டாட்டியிடமும் கேட்கக்கூடியது. அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏற்றுக்கொள்வது என்றால் நம்மைப் பார்த்து ஆகா ஓகோ என்பதும் அல்ல. நம் உறவை ஒரு உறவாக எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் உண்மையான சிக்கலில் வேலை செய்வது. எதற்கெடுத்தாலும் 'நீங்கள் குயர் என்பதால்தான் இப்படி' என்று முடிச்சுப் போடுபவரும் நமக்கு உதவமாட்டார். எங்கள் சிக்கலுக்குக் காரணம் இரவுப் பணியும் துக்கமும் ஒரு தசையும்தான். ஆசையே வராதவர்கள் இருக்கிறார்கள், அதில் அவர்களுக்கு வருத்தமும் இல்லை. அவர்களுக்கு ஆசையை வரவைத்தே தீருவேன் என்று கிளம்புபவரும் தப்பான ஆள்தான்.

சட்டம் உங்கள் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அந்த உத்தரவை எழுதும் முன் இதைப் புரிந்துகொள்ள அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். ஒரு நீதிபதி அப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் தெம்பு தரும் விஷயம். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 மே 31 அன்று, வீட்டார் பிரித்து வைத்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழலாம் என்றது. மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யாமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ரகசியத்துக்கு எல்லைகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அவர் வெளியே சொல்ல வேண்டியிருக்கும். கடைசியாகச் சொன்னது 2012-இன் போக்சோ சட்டப்படி கட்டாயம். நல்ல தெரபிஸ்ட் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்.

எங்கே உட்கார்ந்து பேசுவது

எங்கள் பக்கத்தில் பலருக்கும் இடறுவது இந்த இடம்தான். எஸ்டேட் லயத்தில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவருக்கு அடுத்த வீட்டுக்காரர் இருமினால்கூடக் கேட்கும். கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்தினாலே கேள்வி வரும். அப்படியும் வழி இருக்கிறது.

நான் கடையை மூடிய பிறகு பின்னறையில் உட்காருவேன். ஷட்டரைப் பாதி இறக்கி, வாசல் பக்கம் மேசை விசிறியை ஓடவிடுவேன். அந்தச் சத்தத்தில் வெளியே நிற்பவருக்கு உள்ளே பேசுவது கலங்கித்தான் கேட்கும். லயத்தில் இருக்கும் ஒரு பெண், எல்லோரும் ஏலக்காய் எடுக்கப் போன பிறகு, தனக்கு வேலை இல்லாத நாளின் பகலில் நேரம் வாங்கியிருக்கிறாள். வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ஜீப்பைச் செல்லார்கோவில் பக்கம் ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுகிறான். அங்கிருந்து கீழே பார்த்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், யார் வண்டி நின்றாலும் வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே மட்டும் பேசக் கூடாது. மலைப்பாதைக்காக மட்டும் சொல்லவில்லை, அமர்வு முடிந்து அரை மணி நேரத்துக்காவது மனம் வேறெங்கோ இருக்கும். முடிந்த உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள்.

ஹெட்போன் கட்டாயம். அப்போது உங்கள் பேச்சு மட்டும்தான் வெளியே கேட்கும், அதையும் நீங்கள் அடக்கிப் பேசலாம். ஒரு சொல் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடம் என்றால் சாட்டில் தட்டுங்கள். அதற்குத் தெரபிஸ்டுகள் பழகியவர்கள். திடீரென்று யாராவது உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நான் 'அந்த லைனிங் துணி வரவில்லை' என்று சொன்னால் அவர் உடனே வியாபாரம் பேசுவார், அல்லது அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

சிக்னல் இங்கே தனிக் கதை. ஜூன் மழை பிடித்துவிட்டால் குமுளியில் கரண்டும் போகும், நெட்டும் போகும். எல்லையில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவிக்கொண்டே இருக்கும், அந்தத் தாவலில் வீடியோ உறைந்துவிடும். அதனால் முன்கூட்டியே பேசிவையுங்கள்: படம் உறைந்தால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் தொடர்வது, முழுதாக அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் அவர் சாதாரண அழைப்பில் வருவது. அழுதுகொண்டிருக்கும்போது லைன் அறுந்து, யார் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், இன்று எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சென்னையில் இருப்பவர் 108-ஐ அழைத்தால் தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் சேவைதான் கிடைக்கும், நீங்கள் இருப்பதோ இடுக்கி மாவட்டம். அவசரம் வந்தால் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்கா, கேரளப் பக்கமா என்பதையும், நம்பிக்கையான ஒருவரின் எண்ணையும் முதல் அமர்விலேயே கொடுத்து வையுங்கள். அந்த ஒருவர் வீட்டாராக இருக்க வேண்டியதில்லை, உங்களைப் பற்றித் தெரிந்த தோழி போதும்.

அமர்வுகளுக்கு நடுவில் தாங்க முடியாத ராத்திரி வந்தால் 14416. அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

போனும் பணமும்

வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சைச் சாட் லாக்கில் வையுங்கள். பூட்டிய திரையில் தகவல் தெரிவதை அணைத்துவிடுங்கள். காலண்டரில் 'தெரபி' என்று போடாமல் வேறு பெயர் போடுங்கள். பேங்க் குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குப் போகிறதா என்று பாருங்கள், நிறைய வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஜிபேயில் பணம் அனுப்பினால் கணக்கில் என்ன பெயர் வரும் என்று தெரபிஸ்டிடமே கேட்டால் சொல்வார். அமர்வைப் பதிவு செய்வீர்களா, குறிப்பெடுக்க ஏதாவது ஏ.ஐ. செயலி பயன்படுத்துகிறீர்களா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நாங்கள் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு அறுநூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை சொன்னார்கள், ஜோடியாக என்றால் சற்றுக் கூடுதல். பலர் வருமானத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டும். வாராவாரம் கட்ட முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். மொத்தமாகப் பத்து அமர்வுக்குப் பணம் கட்டு என்பவரிடம் முதல் மாதத்தில் கட்டாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்

ஒரு அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். முதல் ஒன்றிரண்டில் உங்கள் உடல்நலம், மருந்துகள், வளர்ந்த விதம், இந்தச் சிக்கல் எப்போதிலிருந்து, எப்போது இல்லாமல் இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். எதற்கும் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லலாம். ஜோடியாகப் போனால், நடுவில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுவதுண்டு. தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டில் அடி, மிரட்டல், சம்மதமில்லாத உறவு இருக்கிறதென்றால் ஜோடித் தெரபி வேண்டாம். அங்கே சொன்னதற்கு இங்கே அடி விழும். தனியாகத் தொடங்கி, முதலில் பாதுகாப்பைப் பாருங்கள்.

செக்ஸ் தெரபி முழுக்கப் பேச்சுதான். எந்த நல்ல தெரபிஸ்டும் கேமராவில் ஆடையை அவிழ்க்கச் சொல்ல மாட்டார், எதையும் செய்து காட்டச் சொல்ல மாட்டார், தன் அந்தரங்கத்தைப் பேச மாட்டார், வெளியே சந்திக்கக் கூப்பிட மாட்டார். இதில் எது நடந்தாலும் அழைப்பை வைத்துவிட்டு, எண்ணையும் தகவல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு உதவும்.

வீட்டில் செய்ய வேலை கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தது சென்சேட் ஃபோகஸ். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1960-களில் வகுத்த பயிற்சி. முதல் சில வாரங்கள் உறவே கூடாது, அது விதி. இருபது நிமிடம் ஒருவர் தொடுவார், மற்றவர் படுத்திருப்பார், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. முதுகு, கை, பாதம், தலைமுடி. சுகம் கொடுக்க வேண்டும் என்று முயல வேண்டாம், தோல் சூடா, குளிரா, சொரசொரப்பா என்று மட்டும் கவனி என்றார் தெரபிஸ்ட். உறவு இல்லை என்று முன்பே தெரிந்ததால் எனக்கு வலியின் பயம் இல்லை. அதனால் என் தசை இறுகவில்லை. இந்தப் பயிற்சி வேலை செய்வதே அப்படித்தான்: முடிவில் எதையோ சாதிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் பரபரப்பை விடுகிறது. சேச்சியின் கைகளில் ஆஸ்பத்திரி சானிடைசர் வாசனை போகவே போகாது, அதை எத்தனை காலம் கழித்து அவ்வளவு அருகில் முகர்ந்தேன் என்று இருந்தது. அவருக்கு முதல் வாரம் சிரிப்பாக வந்தது, அடுத்த வாரம் அழுதார், அம்மாவை நினைத்து. இரண்டையும் தெரபிஸ்டிடம் சொன்னோம், இரண்டும் சரிதான் என்றார்.

அப்புறம் படிப்படியாக விலக்குகளைத் தளர்த்துவார்கள். எனக்கு இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சியும், பிறப்புறுப்பை மெதுவாக விரியப் பழக்கும் டைலேட்டர் என்ற கருவியும், சின்ன அளவிலிருந்து தொடங்கி, சேர்ந்து வந்தன. சீக்கிரம் விந்து வெளியாகும் ஆண்களுக்கு, உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கிய பின் தொடரும் பயிற்சி கொடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் இல்லை. ஆசை தானாகவே பொங்கி வரும் என்று காத்திருப்பவர்கள் நிறைய, ஆனால் பலருக்குத் தொடுதல் தொடங்கிய பிறகுதான் ஆசை வரும், அது குறையல்ல என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்வேன். அது தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் பாதிச் சுமை இறங்கியது.

தொடர்வதும் மாற்றுவதும்

நாலைந்து அமர்வு கழித்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவரிடம் எதையாவது மறைத்துப் பேசுகிறேனா, அவர் என் துணையின் பெயரைச் சரியாகச் சொல்கிறாரா, முன்பு சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா. மனம் ஒட்டவில்லை என்றால் மாற்றுங்கள். 'உங்கள் உதவிக்கு நன்றி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்லக் கடமை இல்லை. பேச்சு கடினமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓடிவிடாதீர்கள். கடினமான அமர்வு வேறு, மரியாதை இல்லாத அமர்வு வேறு. முதலாவதற்குப் பிறகு களைப்பாக இருக்கும், இரண்டாவதற்குப் பிறகு கூசிப்போய் இருக்கும். உடம்புக்கு வித்தியாசம் தெரியும்.

துணை வர மறுத்தால் காத்திருக்க வேண்டாம், தனியாகவே தொடங்குங்கள். சேச்சியும் முதல் சில முறை கேமராவுக்கு வெளியே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நிலைமை சீரானதும் இடைவெளியை அதிகமாக்கலாம். நாங்கள் இப்போது மாதம் ஒருமுறைதான் பேசுகிறோம், சேச்சியின் டியூட்டி அட்டவணை வந்த அன்றே நேரம் வாங்கிவிடுகிறோம். நிறுத்தும்போது, உங்கள் குறிப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார், யார் பார்க்க முடியும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.